காலம் கடந்ததென்று கதவடைப்பதா?

"வயது போய்விட்டதே! இனிமேல் டாக்டர் படிப்பாவது, பட்டமாவது!"

இந்த ஏளனச் சொல் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளிலே ஒலிக்கிறது. அலுவலகத்தில் ஒலிக்கிறது, பேருந்தில் ஒலிக்கிறது, பெற்ற தாயின் வாயிலிருந்துகூடச் சில நேரங்களில் புறப்படுகிறது. பதினேழு வயதிலே கல்லூரிக்குள் நுழைபவன் மருத்துவன். இருபத்தேழு வயதிலே வந்து நிற்பவள் ஏமாளி! இப்படி எழுதப்படாத சட்டம் ஒன்று இந்த நாட்டிலே கொலுவிருக்கிறது.

எழுதப்பட்ட சட்டமாகவும் அது சில காலம் இருந்தது. 2018ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கவுன்சில், பொதுப் பிரிவினர் 25 வயதுக்குமேல் நீட் எழுதக் கூடாது, இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 30 வயதுக்குமேல் எழுதக் கூடாது என்று வேலி போட்டது. வழக்குகள் எழுந்தன. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. இன்றைக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கீழ் வரம்பு உண்டு. மேல் வரம்பு கிடையாது.

வேலி போய்விட்டது, பாதை போட்டாயிற்றா? அதைத்தான் கேட்கிறோம். வேலியை எடுத்துவிட்டு, "வா, நடந்து வா" என்று அழைப்பது எளிது. நடப்பவள் காலிலே முள் இருக்கிறதா, வழியிலே பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார் பொறுப்பு?

கோவில்பட்டிச் சீமையை எடுத்துக் கொள்ளுங்கள். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, வடக்கே சாத்தூர் — கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண். ஆறு பாய்ந்து வளம் கொழிக்கும் பூமியல்ல இது. வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை வந்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி. வராவிட்டால் தீப்பெட்டி ஆலை, கரிமூட்டம், வெளியூர்ப் பயணம். இங்கே மனிதர்களின் வாழ்க்கை நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. மேகத்தைப் பார்த்து நடக்கிறது. மழை பிந்தினால் விதைப்பு பிந்தும். விதைப்பு பிந்தினால் அறுவடை பிந்தும். அறுவடை பிந்தினால் மகளின் திருமணம் பிந்தும். மகனின் படிப்பு பிந்தும். ஆண்டாண்டாக இதுதான் கதை.

இந்தக் கோவில்பட்டியிலே 1901ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்து வருகிறது. மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிர் எது, வறட்சியைத் தாங்கும் விதை எது என்று அறிஞர்கள் அங்கே ஆராய்கிறார்கள். நல்ல பணி, நாட்டுக்குத் தேவையான பணி. மழை பிந்தி வந்தால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடு என்று எந்த வேளாண் அறிஞரும் சொல்வதில்லை. ஈரத்தை இறுகப் பிடித்து வைத்துக் கொள்ளும் இயல்பு கரிசல் மண்ணுக்கு உண்டு. அந்த ஈரத்தை நம்பி, அதற்கேற்ற விதையைப் போடு என்றுதான் சொல்கிறார்கள்.

பயிருக்கு இந்தப் பரிவு இருக்கிறது. பிள்ளைக்கு இருக்கிறதா? பிந்தி முளைத்த பயிரைக் காப்பாற்ற ஆராய்ச்சி நிலையம் உண்டு. பிந்திப் படிக்க வந்த பெண்ணைக் காப்பாற்ற எந்த நிலையம் உண்டு?

இப்படியொரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஊர் எதுவாகவும் இருக்கட்டும். பத்தாம் வகுப்பிலே நல்ல மதிப்பெண். அந்த ஆண்டு மழை இல்லை. "தாயி, ஒந் தம்பி படிக்கட்டும். ரெண்டு வருசம் நீ ஆலைக்குப் போ. மழை பேஞ்சா பாப்போம்" என்கிறார் தகப்பனார். கல்நெஞ்சர் அல்லர் அவர்; கடன்காரர். இரண்டாண்டு தீப்பெட்டி ஆலையில் பாடுபடுகிறாள். பிறகு அடம்பிடித்துப் பள்ளிக்குத் திரும்புகிறாள். பன்னிரண்டு முடிக்கிறாள், செவிலியர் படிப்பு முடிக்கிறாள், ஆரம்ப சுகாதார நிலையத்திலே வேலைக்கு வருகிறாள். வயது இருபத்தேழு.

நள்ளிரவு. பிரசவ வலியோடு ஒருத்தியைக் கொண்டு வருகிறார்கள். நாடி பார்ப்பவள் இவள். இரத்த அழுத்தம் குறிப்பவள் இவள். வலியால் துடிப்பவளின் கையைப் பற்றிக் கொள்பவள் இவள். "இங்கே முடியாது, பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று 108 வண்டியை அழைப்பவளும் இவளே. அந்த வண்டியின் விளக்கு இருட்டிலே மறையும் வரை பார்த்துக் கொண்டு நிற்கும்போது, "நாமே மருத்துவராக இருந்திருந்தால்?" என்ற எண்ணம் எழாதா? எழுந்தால், அது பேராசையா?

வீட்டிலே சொல்லிப் பார்க்கிறாள். "புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற வயசுல, நீ பள்ளிக்கூடம் போகப் போறியாக்கும்?" என்று மாமியார் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பிலே அவள் எண்ணம் அடங்கிவிடுகிறது.

மாமியாரை நாம் நோகவில்லை. அவருக்கு வரலாற்றை எடுத்துச் சொல்ல யாரும் வரவில்லை. நாம் சொல்லுவோம்.

1875ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியின் வாசலிலே நான்கு பெண்கள் வந்து நின்றனர். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். ஒரு வழக்கறிஞரின் மனைவி, மூன்று குழந்தைகளுக்குத் தாய், வயது முப்பது. அந்நிய ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட முடியாமல் இந்த நாட்டுப் பெண்கள் பிரசவத்திலே மாண்டு போவதைக் கேள்வியுற்றார். முதலில் சென்னைப் பிரசவ மருத்துவமனையிலே ஓராண்டு மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாது, முழு மருத்துவராக வேண்டும் என்று உணர்ந்தார். கல்லூரிக் கதவைத் தட்டினார், கதவு திறந்தது. 1878இல் தேறினார். 1885இல் சென்னையிலே பெண்களுக்கென ஒரு மருத்துவமனை உருவாக வழி செய்தார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரிலே, நாள்தோறும் ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள் பிறக்கும் இடமாக அது விளங்குகிறது.

மருத்துவச்சிப் பணியிலிருந்து மருத்துவராக! முப்பது வயதிலே! மூன்று குழந்தைகளோடு! 1875இல் முடிந்தது இன்று முடியாதென்றால், நாம் முன்னே போகிறோமா, பின்னே போகிறோமா?

1907இல் அதே கல்லூரிக்கு ஒரு தமிழ்ப்பெண் வந்தார். புதுக்கோட்டை முத்துலட்சுமி. அவருக்குத் தடை, வயதல்ல. பெண்ணாய்ப் பிறந்தது ஒரு தடை, தேவதாசி மரபிலே வந்த தாய்க்குப் பிறந்தது மற்றொரு தடை. ஆண்கள் பயிலும் மன்னர் கல்லூரியிலே இந்தப் பெண்ணைச் சேர்த்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று கூச்சல் எழுந்தது. மன்னர் அனுமதித்தார், அவர் படித்தார், 1912இல் மருத்துவராக வெளிவந்தார். சட்டமன்றத் துணைத் தலைவரானார்; தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்; அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் செயல்படத் தொடங்கக் காரணமானார். அன்று அந்த ஒரு கதவை அடைத்திருந்தால், எத்தனை ஆயிரம் நோயாளிகளுக்குக் கதவு அடைபட்டிருக்கும்!

கடல் கடந்தும் பார்ப்போம். ஆல்பர்ட் சுவைட்சர் இறையியல் அறிஞர், இசைக் கலைஞர், பேர் பெற்ற மனிதர். 1905இல், முப்பதாவது வயதிலே, முதலாண்டு மாணவனாக மருத்துவக் கல்லூரி பெஞ்சிலே போய் உட்கார்ந்தார். 1913இல் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேக்குப் போய் மருத்துவமனை கண்டார். 1952ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அமெரிக்காவிலோ, ஒரு பட்டம் பெற்ற பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போவதே பொது வழி. இலண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பள்ளி, வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்றே நான்காண்டு மருத்துவப் படிப்பை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பிந்தி வருவதை அங்கெல்லாம் குறையாகப் பார்ப்பதில்லை. உலகைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று மதிக்கிறார்கள்.

நம் நாட்டின் அரசியல் சட்ட வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னை மாகாணத்திலே அப்போது நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகள்; 330 இடங்கள். வகுப்புவாரி ஆணைப்படி, 14 இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டு வந்தது. அந்த ஆணை தம் உரிமையைப் பறிக்கிறது என்று 1950இல் உயர்நீதிமன்றம் ஏறினார் செண்பகம் துரைராஜன் அம்மையார். அவர் பி.ஏ. தேறியது 1934இல்! பதினாறு ஆண்டுக்குப் பிறகு மருத்துவக் கல்லூரி! கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பதும் வழக்கிலே வெளிப்பட்டது. ஆயினும் வென்றார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது, அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி பிறந்தது.

அந்தத் தீர்ப்பின் நியாய அநியாயத்தை இந்த நாடு அலசி முடித்துவிட்டது. நாம் இங்கே சுட்டுவது வேறு. நீதிமன்றங்கள் அலசியது வகுப்புவாரி ஆணையை. அம்மையாரின் வயதை அல்ல. பட்டம் பெற்றுப் பதினாறு ஆண்டு கழித்து மருத்துவம் படிக்க விரும்பியதைக் குற்றமாக எண்ணி அவரைத் திருப்பி அனுப்பவில்லை, எண்ணியிருக்கவும் கூடாது. அந்த அம்மையாருக்கு இருந்த அதே உரிமை, கரிசல் காட்டு மகளுக்கும் உண்டா இல்லையா? பிந்தி வருதல் மாடிவீட்டாருக்கு உரிமை, மண்வீட்டாருக்கு மட்டும் மடமையா?

"நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாமே! தமிழிலேயே எழுதலாமே! யார் தடுத்தார்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நண்பர்களே, பிந்தி வருவோரிலே இரு வகை உண்டு. பன்னிரண்டு முடித்து, இலட்சங்களைக் கொட்டி, பயிற்சி நிலையத்திலே ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு தங்கி மறுபடியும் மறுபடியும் எழுதுபவன் ஒரு வகை. அவன் காலத்தை விலைக்கு வாங்குகிறான். ஆலைக்குப் போய், வயலுக்குப் போய், வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தவள் மற்றொரு வகை. அவள் காலத்தை விற்றவள். வாங்கியவனும் விற்றவளும் ஒரே மண்டபத்திலே உட்கார்ந்து, ஒரே 720 மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். இதற்குப் பெயர் சமத்துவமாம்!

இது நாம் கட்டிய கதையன்று. நீட் வந்தபின் மறுமுறை எழுதியவர்களின் பங்கு பெருகியது, தமிழ்வழி மாணவரின் பங்கு சுருங்கியது என்று 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு எடுத்துக் காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நமது சட்டமன்றம் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற செய்தி 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது. அந்தப் போர் ஒரு பக்கம். அது முடியும் வரை கைகட்டி நிற்க முடியுமா?

கைகட்டி நிற்காததால்தான் 2020இல் ஒரு சாளரம் திறந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டுகளிலே விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அதன்பின் நூற்றுக்கணக்கில் வெள்ளை அங்கி அணிகிறார்கள். 2022இல் சென்னை உயர்நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தமிழகம் பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் இடையிலே படிப்பு அறுந்து, வேலைக்குப் போய், பிறகு தனித்தேர்வராக எழுதித் தேறியவளுக்கு அந்தச் சாளரத்தில் இடமுண்டா? ஆறு முதல் பன்னிரண்டு வரை அறுபடாத சங்கிலி கேட்கிறது சட்டம்; சங்கிலியை அறுத்தது வறுமை. ஏழைக்காக வந்த சட்டம், ஏழையிலும் ஏழையைத் தாண்டிப் போகலாமா?

"பிந்தி வந்தவருக்கு இடம் கொடுத்தால், நெடுநாள் பணி செய்யக்கூடிய இளைஞரின் இடம் பறிபோகுமே" என்பது அடுத்த வாதம். இதிலே உண்மை இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீட் தேறி, 7.5 விழுக்காட்டுக் கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்டார். மருத்துவரான மகன் எடுத்துச் சொல்ல, இளையவர் ஒருவர் படிக்கட்டும் என்று இடத்தை விட்டுக் கொடுத்து வீடு திரும்பினார். அவரது பண்பு போற்றற்குரியது. அவர் முடித்தது அறுபத்தொரு வயதுக் கணக்கு. இருபத்தேழு வயதுக் கணக்கு என்ன? படிப்பும் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டு. வெளிவரும்போது முப்பத்து மூன்றுக்கும் குறைவு. தமிழ்நாட்டிலே அரசுப் பணி ஓய்வு வயது அறுபது. இருபத்தேழு ஆண்டு உழைப்பு எஞ்சியிருக்கிறது! அதுவும் நகரத்திலே பெயர்ப்பலகை மாட்டும் கனவோடு வருபவள் அல்ல. விளாத்திகுளத்துப் புழுதியை விழுங்கி வளர்ந்தவள்.

ஆகவே, அரசுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் விண்ணைத் தொடும் வேண்டுகோள் அல்ல.

கிராம மருத்துவமனைகளிலே பணிபுரிந்த மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பிலே தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியாற்றிய மருத்துவருக்கு மேற்படிப்பில் சலுகை நியாயம் என்றால், அதே நிலையத்திலே, அதே இரவிலே விழித்திருந்த செவிலியருக்கும், மருந்தாளுநருக்கும், ஆய்வக நுட்பனருக்கும் இளநிலைப் படிப்பிலே சில இடங்கள் ஒதுக்குவது மட்டும் அநியாயமா? முன்மாதிரியும் உண்டு. எல்.எம்.பி. என்ற சிறு பட்டம் பெற்று ஊர்ப்புறங்களிலே பணியாற்றிய மருத்துவர்கள், பிற்பாடு சுருக்கப் படிப்பு வழியாக எம்.பி.பி.எஸ். பெறும் ஏற்பாடு இதே மாகாணத்திலே இருந்தது. ஏணி புதிதல்ல; பரணிலே கிடக்கிறது. எடுத்துச் சாத்துங்கள் என்கிறோம். தேர்வைத் தளர்த்தச் சொல்லவில்லை; அதே நீட், அதே பாடம், அதே பல்கலைக்கழகத் தேர்வு. வந்து சேரும் வழியைத்தான் கேட்கிறோம்.

இரண்டாவது, 7.5 விழுக்காட்டுச் சட்டத்திலே அறுந்த சங்கிலிக்கு ஒரு கண்ணி கோத்துக் கொடுங்கள். மூன்றாவது, வேலைக்குப் போகும் மகளுக்கு மாலைநேர இலவசப் பயிற்சி தாருங்கள். கல்லூரியிலே சேர்ந்தபின், கட்டணம் மட்டுமன்றி, அவள் வருமானத்தை நம்பிய வீட்டு அடுப்பு அணையாதிருக்க உதவித்தொகை தாருங்கள்.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தது. தூத்துக்குடியில் 2000இல் வந்தது. விருதுநகரில் 2022இல் வந்தது. கோவில்பட்டியைச் சுற்றி மும்முனையிலும் கல்லூரிகள்! பேருந்து ஏறினால் ஒன்றிரண்டு மணி நேரம். கட்டிடம் அருகே வந்துவிட்டது. கல்வி அருகே வர வேண்டாமா?

இனி, படிக்கத் துடிக்கும் தங்கையே, தம்பியே, உங்களிடம் சில சொற்கள்.

பன்னிரண்டிலே உயிரியல் படிக்கவில்லையே என்று மலைத்து நிற்கிறீர்களா? பன்னிரண்டு தேறிய பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருக்கிறது. வயதைக் காட்டி மிரட்டுகிறார்களா? ஒடிசாவிலே ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 2020இல், 64ஆம் வயதிலே, நீட் தேறிப் புர்லா மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார் என்று சொல்லுங்கள்.

முதல் தேர்விலே தோற்றுவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். 1200க்கு 1176 வாங்கிய அரியலூர்த் தங்கை அனிதாவை 2017 செப்டம்பர் முதல் நாளிலே இழந்த நாடு இது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. மற்றொரு பிள்ளையை இழக்க இந்த மண்ணுக்குத் தெம்பில்லை. தேர்வு ஆண்டுதோறும் வரும். நீங்கள் ஒருமுறைதான் வருவீர்கள். நெஞ்சு கனத்தால் தாயிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், 104 என்ற எண்ணிலே பேசுங்கள். பாதை நீளலாம், பயணம் முடிந்துவிடாது.

ஆட்சியாளர்களே! கரிசல் விவசாயி முதல் விதைப்பு கருகியதும் கலப்பையை எரித்துவிடுவதில்லை. கடன் வாங்கியாவது மறுவிதைப்பு விதைக்கிறான். அவன் மகள் தன் வாழ்விலே மறுவிதைப்பு செய்ய வருகிறாள். விதை அவளிடம் இருக்கிறது. உழைப்பு அவளிடம் இருக்கிறது. உங்களிடம் கேட்பது கொஞ்சம் ஈரம்!